பந்தைத் தொடாத மூன்று நிமிடம்

கதவு படபடவென்று இடிபட்டதில் எல்ஸ்பெத் ரிண்டூலின் கையிலிருந்த தேநீர் பாதி படுக்கை விரிப்பில் கொட்டியது. மணி காலை ஆறரை. எட்டு மணி வரை ஆட்டக்காரர்கள் யாரும் கண் விழிக்கக் கூடாது என்பது மேனேஜரின் உத்தரவு. ஓட்டலில் தீப்பிடித்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தாள்.

“மிஸஸ் ரிண்டூல், நான்தான், ஸ்ட்ரூவன். கதவத் தொறங்க.”

திறந்தாள். கிர்க்மோர் ரோவர்ஸ் அணியின் ஒன்பதாம் எண் ஆட்டக்காரன் ஸ்ட்ரூவன் பெட்ரி வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தான். வாரம் முழுக்க வீடு வீடாகக் குழாய் மாட்டுகிறவன், சனிக்கிழமையானால் பந்து. ஐந்து வாரத்துக்கு முன் ஸ்காட்டிஷ் கோப்பை அரையிறுதியில், நாட்டிலேயே பணக்காரக் கிளப் ஒன்றின் வலைக்குள் இவன் தலையால் முட்டிய ஒரே கோல்தான் கிர்க்மோரை முதன்முதலாக இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தது. தோற்ற அந்தக் கிளப்பை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘பெரியவங்க’, அவ்வளவுதான்.

“உள்ள வா. என்ன, கால் வலியா, வயித்து வலியா?”

“ரெண்டும் இல்ல.”

“பின்ன எதுக்கு பேயறைஞ்ச மாதிரி நிக்கற? இன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு ஃபைனல். அதுக்குள்ள செத்துடாத.”

அவன் சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

“ஜனவரில நான் உங்ககிட்ட வந்து சேர்ந்தப்ப, ஃபாரம் பூர்த்தி பண்ணீங்கல்ல? இந்த வருஷக் கோப்பைல வேற எந்தக் கிளப்புக்காவது ஆடிருக்கியான்னு கேட்டீங்க.”

“இல்லேன்னு சொன்ன. இல்லேன்னு எழுதினேன்.”

“இல்லேன்னுதான் நெனச்சேன்.”

எல்ஸ்பெத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். முப்பத்தொரு வருடமாகக் கிளப்பின் செயலாளர். சம்பளம் கிடையாது, மீன்பிடித் துறைமுக அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் இந்த வேலை. யாருடைய குரல் எந்த இடத்தில் வழுக்கினால் பின்னால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

“சொல்லு.”

“நவம்பர்ல நான் பர்ன்ஃபூட்ல பயிற்சிக்குப் போயிட்டிருந்தேன். அவங்களுக்குக் கோப்பைல ஆக்கன்லீயோட மேட்ச். நான் லிஸ்ட்லயே இல்ல, சும்மா கூடப் போனேன். நாலு கோல் வாங்கியாச்சு. ஆலங்கட்டி மழை வேற. கடைசில ஒருத்தனுக்குத் தொடை புடிச்சுக்கிச்சு. மாத்தி எறக்க வேண்டிய பதினஞ்சாம் நம்பர், வயித்தக் கலக்குதுன்னு கக்கூஸ விட்டே வரல. ‘அவன் சட்டைய மாட்டிக்கிட்டு ஓடுடா’ன்னாங்க. ஓடினேன். மூணு நிமிஷம். அவ்வளவுதான். பந்து என் பக்கமே வரல, மிஸஸ் ரிண்டூல். தொடவே இல்ல.”

“தொடலியா?”

“ஒரு தடவ கூட.”

கேட்டபிறகுதான், தான் எதற்காக அப்படி ஆசையாகக் கேட்டோம் என்று அவளுக்கே வெட்கமாயிருந்தது. தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன? ஒரு பருவத்தில் ஒரு கிளப்புக்காகக் கோப்பை ஆட்டத்தில் இறங்கியவன், அதே பருவத்தில் வேறொரு கிளப்புக்காகக் கோப்பையில் இறங்கக் கூடாது. இறங்கினால் அந்த ஆட்டமே செல்லாது. ஃபாரம் எழுதும்போது முப்பத்தொரு வருடமாக எல்லாப் பையன்களிடமும் கேட்கிற கேள்விதான். அவன் ‘இல்லை’ என்றபோது, ‘பெஞ்சிலிருந்துகூட எழுந்து போகலியா?’ என்று இன்னொரு கேள்வியும் கேட்பது வழக்கம். அன்றைக்குக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போது எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

“இத்தன நாள் விட்டுட்டு இன்னைக்கு ஏண்டா?”

“நேத்து சாயங்காலம் அந்தப் பதினஞ்சாம் நம்பர் ஃபோன்ல தமாஷ் அனுப்பினான். ‘நீ ஆடின மேட்ச் ஒண்ணு எம்பேர்ல கெடக்கு, அதுக்கு ஒரு பீர் வாங்கிக் குடு’ன்னு. சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. நம்ம கோல்கீப்பர்கிட்ட, யாரோ ஒருத்தன் கதை மாதிரி கேட்டுப் பாத்தேன். ‘கோட்டத் தாண்டிக் கால வச்சாலே ஆடினதுதாண்டா மடையா’ன்னான்.”

“வேற யார்கிட்டயும் சொன்னியா?”

“இல்ல.” அவன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். “என்னால ஊரே நாறிடும்ல?”

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். எல்ஸ்பெத் அவன் தோளில் கை வைத்து, “போய்க் காலுக்கு ஏதாவது மாட்டு. சளி புடிக்கும்” என்றாள்.

மேனேஜர் டூகி லாமண்ட் காலை உணவுக் கூடத்தில் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து, உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார். எல்ஸ்பெத் எதிரில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். டூகி இரண்டு வாய் கஞ்சி சாப்பிட்டார். அவருக்கு அதிர்ச்சி எப்போதும் வயிற்றைத் தாண்டித்தான் மண்டைக்கு ஏறும்.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“நம்ம மூணு பேருக்கு.”

“நாலு. அந்தக் கக்கூஸ்காரன்.”

“அவனுக்குச் சட்டம் தெரியாது. இவனுக்கே நேத்துதான் தெரிஞ்சுது. பர்ன்ஃபூட்காரங்க சொன்னா அவங்க பண்ணின ஆள்மாறாட்டமும் வெளிய வரும்.”

“இன்னைக்கு இவன எறக்கலேன்னா?”

“அரையிறுதில எறக்கியாச்சே டூகி. கோலும் அவனே போட்டாச்சு. இன்னைக்கு அவன் ஊருக்கே திரும்பிப் போயிட்டாலும் அது அழியாது.”

டூகி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அணிப் பேருந்தைச் சுற்றி நீலமும் வெள்ளையுமாகத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். கிர்க்மோரிலிருந்து இந்நேரம் ஐம்பத்தெட்டுப் பேருந்துகள் கிளம்பியிருக்கும். துறைமுகத்தில் ஒரு படகுகூடக் கடலுக்குப் போகவில்லை. பேக்கரிக்காரி ஜெஸ்ஸி ஆல்ட், ‘கோப்பையோடு வந்து திறப்பேன்’ என்று கடைக் கதவில் எழுதி ஒட்டியிருந்தாள்.

“இங்க பாரு எல்ஸ்பெத். இன்னைக்கு நாம தோத்துட்டா இது செத்த பாம்பு. தோத்த டீமோட பழைய ஃபாரத்த எவன் தோண்டப் போறான்?”

“ஜெயிச்சா?”

கரண்டி நின்றது.

“ஜெயிச்சா… அது திருட்டு மொதல்தான். ஒத்துக்கறேன். ஜெயிச்சா நீ எழுத வேண்டியத எழுதிக் குடுத்துடு, நான் தடுக்கல. தோத்தா கிழிச்சுப் போடு. சரிதானே? நியாயந்தானே?”

நியாயமாகத்தான் பட்டது. தோற்றால் யாருக்கும் நஷ்டமில்லை, ஜெயித்தால் உண்மை. இரண்டு பக்கமும் கதவு இருக்கிற வீடு மாதிரி வசதியான நியாயம்.

“ஆனா அவன் பேர் இருந்தா லிஸ்ட்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றாள்.

“மொழங்கால்னு சொல்லிடறேன்.”

“சரி.”

“எந்த மொழங்கால்?”

“ஏதாவது ஒண்ணு. இடது.”

“அவன்கிட்டயும் சொல்லி வை. நொண்டணும்ல.” எழுந்து நின்றவர், மறுபடி குனிந்தார். “ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். உள்ள போய் அந்தப் பசங்ககிட்ட தோத்துட்டு வாங்கடான்னு என்னால சொல்ல முடியாது. என் வாய் அதுக்குப் பழகல.”

அறைக்குத் திரும்பி, ஓட்டல் தாளில் எல்ஸ்பெத் எழுதினாள். நாலே வரி. நாள், ஆட்டம், ஆட்டக்காரன் பெயர், தவறு தன்னுடையது என்று. உறையிலிட்டுக் கைப்பையில் வைத்தபோதுதான், அந்தப் பை என்னவோ இரும்புக் குண்டு போலக் கனத்தது.

ஆக்கன்லீயோடு இறுதி ஆட்டம் நடக்கவிருந்த ஹாம்ப்டன் மைதானத்தின் வாசலில் ஊரே நின்றது. ஜெஸ்ஸி ஆல்ட் முகத்தில் பாதி நீலம், பாதி வெள்ளை.

“எல்ஸ்பெத்! ஏண்டி, சாவு வீட்டுக்கு வந்த மாதிரி வரே? சிரி! இத்தன வருஷம் எங்க மழைக்கோட்டெல்லாம் காய வச்சு, எங்க டிக்கெட்டெல்லாம் எண்ணிக் குடுத்தவ நீ. உனக்குத்தாண்டி இந்தக் கோப்பை!”

“பாப்போம் ஜெஸ்ஸி.”

“பாப்போமா? இவ ஒருத்தி!” என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள் ஜெஸ்ஸி. “கடைசில அவளும் ஆக்கன்லீக்காரியாதான் இருப்பா போல!”

எல்லாரும் சிரித்தார்கள். எல்ஸ்பெத்தும் சிரித்தாள். திங்கட்கிழமை காலை இவளிடம் போய் எப்படி ரொட்டி வாங்குவது என்ற நினைப்பு, அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே வந்தது. கிர்க்மோரில் இருப்பது ஒரே பேக்கரி.

ஆட்டத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னால் இரண்டு கிளப் செயலாளர்களும் அணிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டு, கால்பந்துச் சங்க அதிகாரியிடம் ஒரு பிரதியும், எதிராளியிடம் ஒரு பிரதியும் கொடுக்க வேண்டும். மைதானத்துக்கு அடியில், நீளமான நடையின் கோடியில் இருந்த சின்ன அறை அது. அதிகாரி இன்னிஸ், ஒல்லியான மனிதர், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேசை ஓரத்தில் இரண்டு கட்டு நாடா: ஒன்று நீலமும் வெள்ளையும், இன்னொன்று ஆக்கன்லீயின் அரக்கு நிறம். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்களின் நாடாவைக் கோப்பையின் காதுகளில் கட்டுவார்கள்.

ஆக்கன்லீயின் செயலாளர் வாட்டி கெடஸ் முன்பே வந்து காத்திருந்தார். எழுபது வயது. பேருந்துப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தொப்பியை மட்டும் இன்னும் விடவில்லை. இரண்டு ஊருக்கும் வருடத்தில் நாலு தடவை லீக் ஆட்டம்; இருபது வருடமாக நாலு தடவையும் இதே வாய்ச்சண்டை.

“வா, மீன்காரி. நீ நடைல திரும்பறப்பவே வாசன வந்துடுச்சு.”

“கரிமூஞ்சி, ஃபைனலுக்காவது மூஞ்சியக் கழுவிட்டு வரக் கூடாதா?”

“எங்க ஊர் கரிச் சுரங்கத்த மூடி நாப்பது வருஷமாச்சு அம்மணி. இது பொறவிக் கறுப்பு.”

பட்டியலை மாற்றிக்கொண்டார்கள். வாட்டி கண்ணாடியை மூக்கில் ஏற்றி, விரலால் ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டு போனார். விரல் நின்றது. மறுபடி மேலே போய், மறுபடி கீழே வந்தது.

“பெட்ரி எங்க?”

“மொழங்கால்.”

“எந்த மொழங்கால்?”

“இடது.”

“ம்” என்றார் வாட்டி. எதிராளியின் முக்கியமான ஆள் இல்லையென்றால் யாருக்கும் சந்தோஷம்தான் வரும். இவர் முகத்தில் அது வரவில்லை. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, எல்ஸ்பெத்தை ஒரு நொடி அதிகமாகப் பார்த்தார். கிழவனுக்குப் பரிதாபம் போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மேலே, விருந்தினர் வரிசையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. மே மாத வெயில் ஒரு கண்ணும், மேகம் ஒரு கண்ணுமாக இருந்தது. ஒரு பாதி மைதானம் நீலக் கடல், மறுபாதி அரக்கு. கோட்டு சூட்டில் ஸ்ட்ரூவன் படியேறி வந்து அவர்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தான்.

வாட்டி எல்ஸ்பெத்தின் பக்கம் சாய்ந்தார். “இடதுன்னியே. பையன் வலதுல நொண்டறான்.”

“ரெண்டும்தான்” என்றாள், திரும்பாமல்.

ஆட்டம் தொடங்கியது. இப்படி ஓர் ஆட்டத்தை எல்ஸ்பெத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஏனென்றால் இப்படி இரண்டு மனதோடு அவள் எந்த ஆட்டத்தையும் பார்த்ததில்லை. பந்து கிர்க்மோரின் கோல் பக்கம் போகும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று ‘போ, உள்ளே போ’ என்றது. கோல்கீப்பர் பாய்ந்து பிடித்ததும் கைகள் தானாகத் தட்டின. தட்டிய கைகளைப் பார்த்து மனசு ‘அடிப் பாவி’ என்றது. பாதி ஆட்டம் வரைக்கும் கோல் இல்லை. இடைவேளையில் வாட்டி வாங்கிக் கொடுத்த இறைச்சி அடைத்த சூடான ரொட்டி அவள் கையிலேயே ஆறிப் போனது.

“சாப்பிடு அம்மணி. அதுல நாங்க ஒண்ணும் விஷம் வைக்கல.”

“பசியில்ல.”

“எனக்குந்தான்” என்றார் வாட்டி, தன்னுடையதை முடித்துவிட்டு.

எழுபத்தொன்றாவது நிமிடம் கிர்க்மோருக்கு ஒரு கார்னர் கிக். ஸ்ட்ரூவனுக்குப் பதிலாக இறங்கியிருந்த தபால்காரப் பையன் ஓடிவந்து குத்துமதிப்பாகக் காலை நீட்ட, பந்து ஒருவன் முதுகில் பட்டு, கம்பத்தில் பட்டு, அசிங்கமாக, மெதுவாக, கோட்டைத் தாண்டியது.

எல்ஸ்பெத் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தாள். எழுந்தது எப்போது என்று அவளுக்குத் தெரியாது. கீழே டூகி குதித்த குதியில் தொப்பி பறந்தது. பின்னாலிருந்து ஸ்ட்ரூவன் அவள் தோளைக் கட்டிக்கொண்டு விம்மினான். நொண்டியதெல்லாம் அவனுக்கு மறந்து போயிருந்தது. எதிர்ப்புறம் ஒரு மூலையில், பாதி நீலம் பாதி வெள்ளை முகத்தோடு ஜெஸ்ஸி ஆல்ட் யாரோ முன்பின் தெரியாத கிழவனை முத்தமிட்டுக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

உட்கார்ந்தாள். கைப்பை காலடியில் விழுந்திருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இன்னும் இருபது நிமிடம். ஆக்கன்லீக்காரர்கள் அலை அலையாக வந்தார்கள். எண்பத்து மூன்றாவது நிமிடம் அவர்களின் பந்து குறுக்குக் கம்பத்தில் ‘டண்’ என்று மோதியது. மைதானமே மூச்சை இழுத்தது. கிர்க்மோர்ப் பக்கம் பத்தாயிரம் பேர், ‘கடவுளே, காப்பாத்து’ என்றார்கள். அதே நொடியில், அதே கடவுளிடம், ‘ஏன் உள்ளே விடவில்லை?’ என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

முப்பத்தொரு வருடம். பனியில் மைதானத்துக்குக் கோடு போட்டிருக்கிறாள். பதினோரு பேர் சேராத நாளில் துறைமுகத்துக்கு ஓடி ஆள் பிடித்திருக்கிறாள். ஏழு கோல் வாங்கிய நாளில்கூட ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் ஊர் தோற்க வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை. இன்றைக்கு இப்படி நினைக்க வைத்தது ஸ்ட்ரூவனின் மூன்று நிமிடமா? இல்லை. காலையில் கஞ்சிக்கு எதிரே உட்கார்ந்து பேசி முடித்த அந்த வசதியான நியாயம். தோற்றால் கிழிக்கலாம் என்கிற கடிதம் உண்மை இல்லை. அது பந்தயச் சீட்டு. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வரை, ஜெயித்தாலும் அவள் அழ வேண்டும், தோற்றாலும் அவள் சிரிக்க வேண்டும். அந்தப் பதினோரு பேரும் கீழே உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருக்க, மேலே உட்கார்ந்து அவர்களைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருப்பவள் தான்தான் என்று பட்டது.

முடிவு தெரிவதற்கு முன்னால் கொடுத்தால்தான் அது கொடுத்ததாகும்.

எண்பத்தாறாவது நிமிடம் எழுந்தாள்.

“எங்க போற?” என்றார் வாட்டி. “இப்பப் போய் எவளாவது எழுந்து போவாளா? ஒடம்பு சரியில்லியா?”

“நல்லாத்தான் இருக்கேன். மொத தடவையா இன்னைக்கு.”

படிகளில் இறங்கினாள். நீளமான நடையில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லாரும் மேலே இருந்தார்கள். தலைக்கு மேல் நாற்பதாயிரம் கால்கள் தரையைத் தட்டிக்கொண்டிருந்தன. அறையில் இன்னிஸும், நாடா கட்டக் காத்திருந்த ஒரு பணியாளும் மட்டும் இருந்தார்கள்.

“மிஸஸ் ரிண்டூல்? நீங்க மேலல்ல இருக்கணும்!”

“இத வாங்கிக்குங்க. மணி பாத்து மேல எழுதுங்க.”

“எதுக்கு மணி?”

“எழுதுங்க, சொல்றேன்.”

இன்னிஸ் கடிகாரத்தைப் பார்த்து உறையின் மேல் ‘4.44’ என்று எழுதினார். பிறகு பிரித்தார். நாலு வரி படிக்க அவருக்கு வெகு நேரமாயிற்று.

“இத ஆட்டம் முடிஞ்சப்புறம் குடுத்திருக்கலாமே.”

“தோத்தா குடுத்திருக்க மாட்டேன். அதான்.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. இன்னிஸ் தன் கணினியில் எதையோ தட்டித் தேடினார்.

“நவம்பர் ஆட்டம்… பர்ன்ஃபூட், ஆக்கன்லீ… இதுல பெட்ரி பேரே இல்லியே. பதினஞ்சாம் நம்பர்ல எறங்கினது வேற ஒரு பையன்னு இருக்கு.”

“சட்டை அவனோடது. உள்ள இருந்தது இவன்.”

“இவனே சொன்னானா?”

“இன்னைக்குக் காலைல.”

இன்னிஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “மிஸஸ் ரிண்டூல், நான் உங்க மேல சந்தேகப்படல. ஆனா இத வச்சு அரையிறுதியையே தூக்கணும்னா, காகிதத்துல இருக்கறது ஒண்ணு, நீங்க சொல்றது ஒண்ணுன்னு ஆகுது. அன்னைக்கு அந்த மைதானத்துல இருந்து, கண்ணால பாத்தவங்க யாராவது…”

அதற்குள் மேலே ஏதோ வெடித்தது போல ஒரு சத்தம். கூரை அதிர்ந்தது. விசில்தான், ஆட்டம் முடிந்துவிட்டது. கடைசி நிமிடங்களில் என்ன ஆனதென்று அவளுக்குத் தெரியாது. பணியாள் கதவருகே காதில் கருவியைப் பொத்திக் கேட்டான், மேசைக்கு வந்தான், அரக்கு நாடாவை ஒதுக்கி வைத்துவிட்டு, நீலமும் வெள்ளையுமாக இருந்ததை அள்ளிக்கொண்டு ஓடினான்.

எல்ஸ்பெத் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஜெயித்திருந்தார்கள். மேலே தன் ஊர் பாடுவது கேட்டது. அவளுக்கு அழுகை வந்தது. ஜெஸ்ஸி சொன்னது போலச் சிரிப்பும் வந்தது. இரண்டில் எதையும் அடக்கவில்லை. இன்றைக்கு இந்தச் சந்தோஷம் முழுசாகத் தன்னுடையது. திங்கட்கிழமை அதைப் பிடுங்கிக்கொள்ளட்டும்.

நடையில் மெதுவான காலடி. தொப்பியைக் கையில் பிடித்தபடி வாட்டி கெடஸ் உள்ளே வந்தார். வழுக்கைத் தலையோடு அவரை அவள் பார்த்ததே இல்லை.

“இங்கதான் ஒளிஞ்சிட்டிருக்கியா? கை குடு, மீன்காரி. கோப்பை உங்களுது. கேவலமான கோல், ஆனா கோல் கோல்தான். எங்க ஆளுங்களுக்கு அந்தக் கம்பம் மட்டும்…” இன்னிஸின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “என்ன?”

இன்னிஸ் கடிதத்தை நீட்டினார்.

வாட்டி கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். படித்தார். ஒரு தடவை படித்து முடித்தவர், உறையின் மேல் எழுதியிருந்த மணியையும் படித்தார். மேலே பாட்டு இரண்டாவது சுற்றுக்குப் போயிருந்தது.

“உங்க டீம்தானே அன்னைக்கு எதிர்ல ஆடினது, மிஸ்டர் கெடஸ்?” என்றார் இன்னிஸ். “நீங்க இருந்தீங்களா?”

“கோட்டு ஓரத்துலயே நின்னேன். ஆலங்கட்டிக்கு எங்க போய் ஒதுங்கறது.”

“அந்தப் பதினஞ்சாம் நம்பர்?”

வாட்டி கடிதத்தை மடித்து, மேசை மேல் வைத்து, அதன் மேல் விரலை வைத்துக்கொண்டார். இல்லை, கவனிக்கவில்லை என்று சொன்னால் போதும். அந்தக் காகிதம் அங்கேயே செத்துவிடும். எல்ஸ்பெத் அவரைப் பார்த்தாள். எதைச் சொல்லும்படி வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“பொடியன் சட்டை” என்றார் வாட்டி. “பெட்ரி ஆறடி. பாதி வயிறு வெளிய தெரிஞ்சுது. அவன்தான்.”

“அவன்தான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“அரையிறுதில அவன் முட்டின கோல டிவில பாத்தேன்ல. அப்பவே.”

“அஞ்சு வாரமா தெரியுமா?” இன்னிஸ் பேனாவைக் கீழே வைத்தார். “ஒரு வரி எழுதியிருந்தா போதுமே, மிஸ்டர் கெடஸ். ஏன் சொல்லல?”

வாட்டி இன்னிஸைப் பார்க்கவில்லை, எல்ஸ்பெத்தைத்தான் பார்த்தார்.

“சொல்லியிருந்தா உங்களத் தூக்கிட்டு, நீங்க அரையிறுதில தோக்கடிச்ச அந்தப் பெரியவங்கள ஃபைனல்ல எறக்கியிருப்பாங்க, எல்ஸ்பெத். நீங்கன்னா நாங்க ஜெயிச்சுடலாம்னு வாய மூடிக்கிட்டேன்.”